கழுத்துக் கருமையும் தள்ளிப்போகும் மாதங்களும்

பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்ற, பெண்களுக்கு வரும் ஹார்மோன் கோளாறின் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே அதன் அறிகுறிகள் பெரும்பாலும் என்னிடம் இருந்தன; ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பொறுப்பில் இருந்தது. தாடையோரப் பருக்களைத் தோல் மருத்துவர் பார்த்தார். மேலுதட்டிலும் மோவாயிலும் முளைத்த முடியை அழகு நிலையத்துப் பெண் நூலால் எடுத்தார். கழுத்தின் பின்புறத்துக் கருமையில் அம்மா எலுமிச்சைச் சாறும் கடலை மாவும் கலந்து தேய்த்தார். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதங்கள் தள்ளிப்போவதற்கு, 'கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்' என்று அத்தை தீர்ப்பே எழுதிவிட்டார். இவை அனைத்தும் ஒரே கோளாறின் வெளிப்பாடுகள் என்பதைச் சொல்ல ஒரு ஹார்மோன் மருத்துவர் வேண்டியிருந்தது.

அவர் முதலில் பார்த்தது ஸ்கேன் அறிக்கையை அல்ல, என் கழுத்தை. மடிப்புகளில் தோல் தடித்து மெத்தென்று கறுத்திருப்பது அழுக்கால் வருவதன்று. பெரும்பாலும் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம். உடலின் செல்கள் இன்சுலினுக்குச் சரிவர இசையாதபோது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதற்காகக் கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. தசையும் கொழுப்பும் கண்டுகொள்ளாத அந்த இன்சுலினைச் சினைப்பை மட்டும் விடாமல் கவனித்து, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பற்றி வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாக உற்பத்தி செய்யும்படி செய்வதும் அதே இன்சுலின்தான். பரு, முகத்து முடி, உச்சந்தலையில் முடி மெலிதல் ஆகியவை இதன் விளைவுகள். சினைமுட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுவதால் முட்டை வெளிப்படுவதில்லை, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. ஸ்கேன் படத்தில் முத்துமாலைபோலத் தெரிபவை அப்படி நின்றுபோன பைகள்தாம். அறுத்து எடுக்கவேண்டிய கட்டிகள் அல்ல. எல்லோருக்கும் எல்லா அறிகுறியும் வருவதில்லை என்பதையும், ஒல்லியான பெண்களுக்கும் இது உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1935இல் சிகாகோ மருத்துவர்களான ஸ்டைனும் லெவென்தாலும் இந்தக் கோளாறுள்ள ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது அவர்களது கவனம் சினைப்பையின் மீதே இருந்தது. நம் ஊரில் இன்றும் பேச்சு ஸ்கேனில்தான் தொடங்குகிறது. 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, இந்நோய் என்று முடிவு செய்ய, ஒழுங்கற்ற முட்டை வெளியேற்றம், ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்கவேண்டும். அதற்கு முன் தைராய்டு கோளாறு, பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோன் மிகுதி போன்ற பிற காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்யவேண்டும். ஆகவே ஸ்கேன் சுத்தமாக இருந்தும் நோய் இருக்கலாம், பைகள் நிறையத் தெரிந்தும் நோய் இல்லாமலிருக்கலாம். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யவேண்டாம் என்று 2023இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் நிறையப் பைகள் தெரிவது இயல்பு. பதினைந்து வயதுப் பிள்ளையின் ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் தாய்மார்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

மாதவிலக்கு வராததைக் கண்டு கல்லூரி விடுதியில் தோழிகள் பொறாமைப்பட்டதுண்டு. பொறாமைப்பட அதில் ஒன்றுமில்லை. முட்டை வெளிப்படாத மாதத்தில், கருப்பை உட்சவ்வின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் போதிய அளவு சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மட்டும் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். உதிராமல் தங்கிய சவ்வு ஒருநாள் உடையும்போது நாள்கணக்கில் இரத்தப்போக்கு நிற்காது. ஆண்டுக்கணக்கில் இந்நிலை நீடித்தால் உட்சவ்வுப் புற்றுநோய்க்கான வாய்ப்பு உயர்கிறது. அதனால்தான் மூன்று மாதங்களுக்கு மேல் வராவிட்டால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்தபின், மருத்துவர்கள் மாத்திரை கொடுத்து வரவழைக்கிறார்கள். சவ்வைக் காத்து ஆண்ட்ரோஜனையும் தணிக்கும் கருத்தடை மாத்திரை எனக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, திருமணமாகாத பெண்ணுக்கு இது எதற்கு என்று வீட்டில் பெரும் விவாதம் நடந்தது. மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு உறவினருக்கும் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

இன்சுலினுக்கு உடல் இசைய உதவும், சர்க்கரை நோய்க்கும் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை வந்தபோது விவாதம் வேறு திசைக்குத் திரும்பியது; 'இந்த வயதில் சர்க்கரையா?' என்றார்கள். அந்த மாத்திரை தொடக்கத்தில் வயிற்றைப் புரட்டும். உணவோடு குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டினால் பழகிவிடும். நெடுங்காலம் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளவேண்டும். கழற்சிக்காய்ப் பொடியைப் பரிந்துரைக்காத உறவினர் எனக்கு இல்லை. அவர்கள் அன்பை மறுக்கவில்லை, ஆனால் பொடியை நம்பிப் பரிசோதனைகளை நிறுத்தவும் இல்லை. உணவில் இந்நோய்க்கென்று தனியே மேலான முறை ஒன்றும் நிறுவப்படவில்லை. கேழ்வரகு நல்லதுதான், அதற்காகக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று எதிர்பார்க்கக்கூடாது. சோற்றின் அளவைக் குறைத்து, சுண்டலும் முட்டையும் கீரையும் கூட்டியது எனக்கு ஒத்துவந்தது. நடைப்பயிற்சியைவிட எடை தூக்கும் பயிற்சிதான் என்னிடம் நிலைத்தது. உழைக்கும் தசை சர்க்கரையை எளிதில் எடுத்துக்கொள்கிறது. எடை மிகுந்தவர்களுக்கு 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்பு உண்டு. முகத்து முடி மட்டும் அவ்வளவு எளிதில் அடங்காது. மருந்தின் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை கண்ணாடியின் முன் நிற்கும்போது மனம் சோர்வதும் இந்நோயின் பகுதிதான். பதற்றமும் மனச்சோர்வும் இருக்கின்றனவா என்று மருத்துவர் கேட்கவேண்டும் என வழிகாட்டுதலே வலியுறுத்துகிறது. என்னிடம் நெடுநாள் யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் கேட்டது குழந்தை பிறக்குமா என்பதைத்தான். முட்டையை வெளிப்படுத்த லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உள்ளன. பலர் சிகிச்சையே இல்லாமலும் கருத்தரிக்கிறார்கள். என் பார்வையில், அந்தக் கேள்வியின் பேரோசையில் காதில் விழாமல் போவது சர்க்கரை நோய். தெற்காசியர்களான நமக்கு அது ஏற்கெனவே குறைந்த எடையிலும் இளம் வயதிலும் வருகிறது; பி.சி.ஓ.எஸ். அந்த வாய்ப்பை மேலும் கூட்டுகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையில் உண்மை வெளிப்படலாம். ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரை நிலையைப் பார்க்கவேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். இந்தக் கோளாறு குடும்பவழியில் வரக்கூடியது என்பதால், சென்ற முறை தங்கையையும் உடன் அழைத்துச் சென்றேன். அவளுக்கும் கழுத்தில் அதே கருமை இருக்கிறது.