பெட்டியை அணைத்துவிட்டு ஒரு கச்சேரி: பெங்களூருவின் சித்திரைக்குத் தம்பூரா

ராமநவமிப் பந்தல் போடும் நாட்களில் பெங்களூருவில் மத்தியானக் காற்று காய்ந்து கிடக்கும். ஆறு மணிக்குக் கச்சேரி தொடங்கும் நேரம் பார்த்து இடியோடு ஒரு மழை கொட்டும். 1939-ல் தொடங்கிய சாமராஜப்பேட்டை ராமசேவா மண்டலியின் பந்தலானாலும், அல்சூரில் இருபது பேர் உட்காரும் வீட்டு ஹாலானாலும், இந்த மாற்றத்திலிருந்து தம்பூராவுக்குத் தப்பிக்க வழி இல்லை. அதனால்தான் மேடையில் தம்பூரா அலங்காரமாக நிற்க, சுருதியைப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. எலக்ட்ரானிக் தம்பூரா இந்த ஊர்ப் பொருள்தான். புல்லாங்குழலும் வாசிக்கும் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் 1970-களின் இறுதியில் செய்தது. பயணத்துக்கும் வீட்டு சாதகத்துக்கும் அதற்கு நிகர் இல்லை. ஆனால் ஒரு சீசன் முழுக்கப் பழைய முறையில், பெட்டி இல்லாமல், நிஜத் தம்பூராவோடு கச்சேரி வைக்க ஒரு சின்ன சபா நினைத்தால் தாராளமாக முடியும். கச்சேரிக்கு முன் முக்கால் மணி நேரமும், அதைச் செய்யத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

முதலில் கட்டை, அதாவது பாடகர் எடுத்துக்கொள்ளும் சட்ஜத்தின் உயரம். ஒரு கட்டைக்குப் பாடுகிறவருக்கும் ஐந்து கட்டைக்குப் பாடுகிறவருக்கும் ஒரே தம்பூரா சரிவராது. ஒரு கட்டையிலிருந்து ஐந்துக்கு ஏற்றினால் அதிர்வு ஒன்றரை மடங்காகும். அதே தந்தி, அதே நீளம் என்றால் இழுவிசை இரண்டேகால் மடங்கு. தந்தி அறும், அல்லது தந்தியைத் தாங்கும் குதிரையும் பலகையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இறக்கினாலோ தந்தி தொளதொளவென்று ஆகிக் குதிரையில் வெறுமனே அடித்துக்கொள்ளும். ஆண் குரலுக்கு நீளமான தம்பூரா ஒன்று, பெண் குரலுக்குக் குட்டையான, மெல்லிய தந்தி போட்ட ஒன்று என்று இரண்டு தனித்தனியாக இருக்கட்டும். அரை கட்டை, ஒரு கட்டை ஏற்ற இறக்கத்தை எந்தத் தம்பூராவும் தாங்கும்.

வாத்தியம் மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, உறையைக் கழற்றிவிட்டு, கச்சேரி நடக்கப்போகும் அதே வெளிச்சத்திலும் காற்றிலும் இருக்க வேண்டும். ஆட்டோவில் வெயிலில் வந்த தம்பூராவை ஏசி ஹாலில் உடனே சேர்த்தால், எஃகுத் தந்தி குளிர்ந்து சுருங்கி, பத்து நிமிஷத்தில் சுருதி மேலே போயிருக்கும். மேடை விளக்குச் சூட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். தந்தியை முறுக்கும் பிரடைகளும் சும்மா இருக்காது. வறண்ட மத்தியானத்தில் மரம் சுருங்கி வழுக்கும். அதற்குச் சாக்பீஸ் பொடி. மழைக்குப் பின் உப்பி இறுகும். அதைப் பிடித்து முறுக்கினால் ஒன்றும் நகராமல் இருந்து திடீரென்று அரை ஸ்வரம் தாவும். கழற்றி, துடைத்து, சோப்பை லேசாகத் தடவிப் போட்டால் வழிக்கு வரும். எப்போது திருகினாலும் உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டும். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

சேர்க்கும் வரிசையில் சிக்கனம் கூடாது. நான்கு தந்தியிலும், குதிரைமேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலை விலக்கிவிட்டு, சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யத் தந்தியில் கோத்திருக்கும் மணிகளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மேலேயும் கீழேயும் நகர்த்த இடம் இருக்கும். முதலில் நடுச் சட்ஜத் தந்தியான சாரணி. இதற்கு மட்டும் போனில் இருக்கும் ட்யூனரையோ பாடகரின் பெட்டியையோ கேட்டுக்கொள்ளலாம். அடுத்து, அதே சட்ஜத்துக்கான இன்னொரு தந்தியான அனுசாரணியைச் சாரணியோடு சேர்க்க வேண்டும், ட்யூனரோடு அல்ல. இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒலி அலையலையாக ஏறி இறங்கும். ஒரு கட்டையில் சட்ஜம் வினாடிக்கு சுமார் 131 அதிர்வு, மற்றது 131.5-ல் இருந்தால் இரண்டு வினாடிக்கு ஒரு அலை வரும். இந்த வித்தியாசத்தை ட்யூனரின் முள் காட்டாமலே போகலாம், காது காட்டிவிடும். அலை நீண்டு நீண்டு காணாமல் போகும்வரை மணியை நகர்த்துங்கள். பிறகு கீழ் ஸ்தாயிச் சட்ஜமான மந்தரம், கடைசியில் பஞ்சமம். பஞ்சமம் சற்றுத் தவறினாலும் மொத்த நாதமும் புளித்துப்போகும்.

இப்போதுதான் ஜீவா. குதிரையின் மேல்பரப்பு தட்டையாகத் தெரிந்தாலும் மெல்லிய வளைவு கொண்டது. தந்தி அந்த வளைவை ஒட்டி ஒட்டி விலகும்போதுதான் அந்த ரீங்காரம் எழுகிறது. நூல் தந்தியை ஒரு மயிரிழை தூக்கி, எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சாதாரணத் தையல் பருத்தி நூல் போதும். மந்தரத்துக்குக் கொஞ்சம் தடித்தது. இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, தந்தியை மீட்டியபடியே மெதுவாக இழுங்கள். முதலில் ‘டங்’ என்று மொட்டையாகக் கேட்கும், பிறகு ஒரு கரகரப்பு, அதைத் தாண்டியதும் ஒலி திறந்துகொண்டு நீளும். அங்கே நிறுத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடப் போனால் மறுபடி மொட்டை. ஜீவா வைத்தபின் சுருதி சிறிது நகர்ந்திருக்கும். அனுசாரணியிலிருந்து இன்னொரு சுற்று மணியால் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்ய மறப்பவர்கள்தான் அதிகம்.

எவ்வளவு இழுத்தும் ஜீவா வரவில்லையா? நூலைக் குற்றம் சொல்லாமல் குதிரையைப் பாருங்கள். தந்தி வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் அறுத்துப் பள்ளம் விழுந்திருக்கும். அதில் உட்கார்ந்த தந்தி வளைவைத் தொடாது. அதைச் சீவிச் சமன்செய்வது வாத்தியம் செய்கிறவர் வேலை, அரத்தோடு நீங்கள் இறங்க வேண்டாம். துருப்பிடித்த தந்தியும் இப்படித்தான் ஏமாற்றும். சீசனுக்குப் பதினைந்து நாள் முன்பே நான்கையும் மாற்றினால், புதுத் தந்தி நீள்வதெல்லாம் அதற்குள் முடிந்திருக்கும்.

நன்றாகச் சேர்ந்திருப்பதற்கு ஒரே சாட்சி அந்தர காந்தாரம். மந்தரத்தைப் போல ஐந்து மடங்கு அதிர்வுள்ள மேலொலியாக அது தானே எழும். யாரும் அதற்கென்று தந்தி கட்டவில்லை. கீபோர்டில் வரும் காந்தாரத்தைவிட இது 14 சென்ட் கீழே, அதாவது அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு. பாடகர் சாய்ந்துகொள்ள வேண்டிய காந்தாரம் இதுதான். பெட்டிச் சத்தத்தைத் தூக்கிவைத்துப் பாடும்போது முதலில் பறிபோவதும் இதுதான்.

மீட்டுகிறவரைக் கடைசி நேரத்தில் பிடிக்காதீர்கள். பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல். நகம் படாமல், சதையால், தந்தியின் நடுப்பக்கமாக வருடி விட வேண்டும். நான்கும் ஒரு சீராக, மந்தரத்துக்குப் பின் சற்று மூச்சுவிட்டு. பாட்டின் தாளத்துக்கு ஒத்துப்போகவே கூடாது. பல்லவியில் ஆர்வம் வந்து தாளத்தோடு மீட்டும் சிஷ்யப்பிள்ளைகளைப் பக்குவமாகச் சொல்லி நிறுத்த வேண்டும். மைக் வைப்பதானால் குடத்துக்கு ஒரு சாண் தள்ளி. மேடை மானிட்டரில் அதைத் திருப்பி விடவேண்டாம். ஸ்டாண்ட் ஃபேன் தந்தியைப் பார்த்துத் திரும்பியிருந்தால் அன்றைய சுருதி அவ்வளவுதான்.

பக்கவாத்தியம் ஆளுக்கொரு திசையில் போகும். சூடு ஏறினால் தந்தி இறங்கும், புல்லாங்குழலோ ஏறும். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 3 சென்ட். குழல் கச்சேரி என்றால் கலைஞர் பத்து நிமிஷம் ஊதிச் சூடேற்றியபின் தம்பூராவை அவருக்குச் சேருங்கள். கடத்துக்குச் சுருதி சுட்டபோதே அமைந்துவிட்டது, வித்வான் இரண்டு மூன்று கொண்டுவருவது அதனால்தான். மிருதங்கத் தோல் மழை ஈரத்தில் தொய்ந்து இறங்கும். வறட்சியிலும் ஃபேன் காற்றிலும் தொப்பி எனும் இடந்தலையில் அப்பிய ரவை காய்ந்து, அதன் கும்கி என்ற அடிநாதம் போய்விடும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதித்தவை. பூட்டிய காரின் பின்சீட்டில் ஒரு சித்திரை மத்தியானம் போதும், அவை இடம் பெயர.

நிகழ்ச்சி நிரலை இதற்கேற்பப் போடுங்கள். ஒரே மாலையில் இரண்டு கச்சேரி என்றால் நடுவில் அரை மணி விடுங்கள், அல்லது இரண்டாவது தம்பூராவை உள்ளறையில் ஒருவர் தயாராக்கட்டும். கடைசியில் புன்னாகவராளி, குறிஞ்சி, நவரோஜ் என்று மத்யம சுருதிப் பாட்டு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்சமத்தை மத்யமத்துக்கு மாற்ற இரண்டு நிமிஷம் வேண்டும், ஜீவாவும் மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் சுருதி சேர்ப்பதைப் பார்த்து சபையினர் நெளிவார்கள் என்ற பயம் தேவையில்லை. ஐரோப்பாவில் பரோக் இசையைக் குடல்தந்தி வயலினில் வாசிக்கிறவர்கள் உருப்படிக்கு உருப்படி நிறுத்திச் சேர்க்கிறார்கள்; காசு கொடுத்து வந்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கச்சேரி முடிந்ததும் தந்தியை உலர்ந்த துணியால் துடைத்து, எல்லாவற்றையும் ஒன்றிரண்டு ஸ்வரம் தளர்த்தி வையுங்கள். மணிகளையும் நூலையும் அப்படியே விடலாம். அடுத்த கச்சேரி மறுநாளே என்றால் தளர்த்தவும் வேண்டாம். ஆட்டோவில் மட்டும் குடம் மடியில், தண்டி வெளியே நீட்டாமல்.