நலமாக இருப்பவருக்குச் செய்யும் பரிசோதனை

தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் புற்றுநோயைக் குணப்படுத்திவிடலாம் என்ற அறிவுரையைக் கேட்காதவர் அநேகமாக இருக்க மாட்டார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் புற்றுநோய்க்கு, எந்த வயதில், எந்தப் பரிசோதனையால் அது உண்மையாகிறது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் புற்றுநோய்ச் சோதனையும் ஒரு வரியாக இடம்பெற்றுவிட்ட இக்காலத்தில், அந்த வரிக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்று நான் கருதுவனவற்றை இங்கே எழுதுகிறேன்.

மார்பில் கட்டி தட்டுப்படுவது, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் போவது, மலத்தில் இரத்தம் கலந்து வருவது, வாய்ப்புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பது ஆகியவை அறிகுறிகள். இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். இக்கட்டுரையில் நான் எழுப்பும் ஐயங்கள் எதுவும் இத்தகைய அறிகுறி உள்ளவருக்குப் பொருந்தாது. நான் பேசுவது, எந்த அறிகுறியும் இல்லாமல் நலமாக இருப்பவரை அழைத்துச் செய்யும் பரிசோதனையைப் பற்றி மட்டுமே, அதாவது ஸ்கிரீனிங் பற்றி. நோயாளி தானே உதவி தேடி வருகிறார். இங்கோ மருத்துவம் நலமானவரைத் தேடிச் செல்கிறது. எனவே, இதனால் நன்மை உண்டு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அழைப்பவருடையது. 1968-இல் உலக சுகாதார நிறுவனத்திற்காக வில்சனும் யுங்னரும் வகுத்துத் தந்த ஸ்கிரீனிங் நெறிகளை இன்று படித்தாலும் இந்தப் பொறுப்புணர்வு தெரிகிறது. நோயின் போக்கு நன்றாகப் புரிந்திருக்க வேண்டும், ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்பதில் தெளிவு இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

முதல் தீங்கு வெறும் எண்கணிதத்திலிருந்து வருகிறது. அறிகுறியற்ற 10,000 பேரில் 50 பேருக்குப் புற்றுநோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகப் பிடித்து, நோய் இல்லாதவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் ஒரு பரிசோதனையை அவர்களுக்குச் செய்கிறோம். 45 பேரின் புற்றுநோய் அகப்படும். நோயில்லாத 9,950 பேரில் ஏறத்தாழ 500 பேருக்கும் 'சந்தேகம்' என்று முடிவு வரும். ஆக, சந்தேகத்துக்கு உள்ளானவர்களில் பன்னிரண்டில் ஒருவருக்கே உண்மையில் நோய் இருக்கிறது. மற்றவர்கள் மறு ஸ்கேன், பயாப்ஸி, உறக்கமற்ற இரவுகள் எல்லாவற்றையும் கடந்துதான் விடுபடுகிறார்கள். பரிசோதனை மோசமானதால் இது நேரவில்லை; தேடப்படும் நோய் அரிதாக இருப்பதால் நேர்கிறது.

இரண்டாவது சிக்கல், பலன் இருப்பதுபோல் தோன்றச் செய்யும் கணக்குகள். 72 வயதில் ஒரு புற்றுநோயால் இறக்கப்போகும் ஒருவருக்கு அறிகுறியின் மூலம் 69 வயதில் நோய் தெரிந்தால், அவர் ஐந்தாண்டு உயிர்வாழாதவர் பட்டியலில் சேர்வார். அதே நோயைப் பரிசோதனை 65 வயதிலேயே காட்டிக்கொடுத்து, சிகிச்சையால் எதுவும் மாறாமல் அவர் அதே 72-இல் இறந்தாலும், ஐந்தாண்டைக் கடந்து வாழ்ந்தவராகவே கணக்கில் வருவார். அவருக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோயாளியாக வாழ்ந்த காலம் மட்டுமே நான்கு ஆண்டுகள் கூடியிருக்கிறது. 2007-இல் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற ரூடி ஜூலியானி, புராஸ்டேட் புற்றுநோயிலிருந்து பிழைக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் 82 சதவீதம், இங்கிலாந்தில் 44 சதவீதம் என்று பிரசாரத்தில் சொன்னார். அந்த நோயால் இறப்போர் விகிதமோ இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே, ஸ்கிரீனிங்கைப் பொறுத்தவரை ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதத்தை யார் காட்டினாலும் நான் அதைச் சான்றாக ஏற்பதில்லை. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோர், அழைக்கப்படாதோர் என்ற இரு குழுக்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே கேட்க வேண்டிய எண்.

மூன்றாவது தீங்கே எல்லாவற்றிலும் பெரியது. மக்களிடம் மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் அதுதான். புற்றுநோய்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. எப்போதாவது வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பவரின் கண்ணில் ஓடிக் கடப்பவரைவிட மெல்ல நடப்பவரே அதிகம் படுவதுபோல, ஆண்டுக்கொரு முறை நடக்கும் பரிசோதனையில் மெதுவாக வளரும் கட்டிகளே அதிகம் சிக்குகின்றன. அவற்றில் சில, அந்த மனிதரின் ஆயுளுக்குள் ஒருபோதும் தொல்லை தந்திருக்காதவை. அவற்றைக் கண்டுபிடிப்பதை மிகை நோயறிதல் என்கிறார்கள். ஃபின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்தவர்களின் தைராய்டு சுரப்பிகளை நுணுக்கமாக ஆராய்ந்து 1985-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடம் மிகச் சிறிய புற்றுநோய்கள் இருந்தன. அத்தனை பேரும் அதை அறியாமலே வாழ்ந்து முடித்தவர்கள்.

இதை அறியாமல் தேடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா காட்டியது. அங்கு 1999-இல் தேசியப் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் தொடங்கியபோது தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறு கூடுதல் கட்டணத்திற்குக் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்து வழங்கின. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காக உயர்ந்திருந்தது. அந்த நோயால் இறப்போர் விகிதம் அசையவே இல்லை. கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் தைராய்டு மாத்திரை உண்ண வேண்டியவர்களானார்கள். ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்கு உடலின் கால்சியத்தைச் சீராக்கும் சுரப்பிகள் பழுதுபட்டன. 2 சதவீதத்தினருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலர் துணிந்து இதை வெளிப்படையாகப் பேசிய பின், ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. தேவையில்லாமல் கழுத்தில் அறுவை செய்யப்பட்ட ஒருவருக்கு அது தேவையில்லாதது என்று ஒருபோதும் தெரியப்போவதில்லை. தன் உயிரைப் பரிசோதனை காப்பாற்றியது என்றே அவர் நம்புவார்; அடுத்தவரையும் அழைத்துச் செல்வார்.

குழந்தைகளிடமும் இது நடந்திருக்கிறது. ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயைத் தேடும் திட்டத்தை ஜப்பான் 1980-களில் நாடு முழுவதும் நடத்தியது. ஜெர்மனியிலும் கனடாவின் கியூபெக்கிலும் நடந்த ஆய்வுகள், இதனால் இறப்பு குறையவில்லை என்றும், தானே மறைந்துவிடக்கூடிய கட்டிகளே அதிகம் அகப்படுகின்றன என்றும் 2002-இல் காட்டின. அதன் பிறகு ஜப்பான் அத்திட்டத்தை நிறுத்தியது. தொடங்கியதை நிறுத்துவதற்கு ஓர் அரசுக்கு நேர்மை வேண்டும். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை இவ்வளவு தெளிவான வழக்கு அல்ல. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நடந்த பெரிய ஆய்வின் 23 ஆண்டு முடிவுகளின்படி, புராஸ்டேட் புற்றுநோய் இறப்பு 13 சதவீதம் குறைந்தது; 456 ஆண்களை அழைத்தால் ஒரு இறப்பு தவிர்க்கப்பட்டது. பலன் உண்மையானதுதான், ஆனால் சிறியது, மெதுவாக வருவது. இங்கே தீங்கின் அளவு பரிசோதனைக்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. பிரிட்டனில், பி.எஸ்.ஏ. மூலம் தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் கவனித்தார்கள். மூன்று குழுக்களிலுமே ஏறத்தாழ 97 சதவீதத்தினர் அந்நோயால் இறக்கவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் பரவுவது ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவை செய்துகொண்டவர்களில் பலர் சிறுநீர்க் கசிவோடும் ஆண்மைக் குறைவோடும் வாழ்ந்தார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவே. என் நெருங்கிய உறவினர் ஒருவர் இந்தக் கண்காணிப்பு வழியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒவ்வொரு பரிசோதனை முடிவும் வருவதற்கு முந்தைய நாட்களில் அவர் பேச்சே குறைந்துவிடுகிறது. அவர் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் இரத்தம் கொடுத்த அன்று இப்படி ஒரு வாழ்க்கை தன் முன் திறக்கக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது சரியல்ல.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மாமோகிராம் குறித்துப் படிக்கும்போது சம அளவில் அறிவும் அக்கறையும் கொண்டவர்கள் எதிரெதிராக நிற்பதைக் காண்கிறேன். 2012-இல் மைக்கேல் மார்மட் தலைமையில் பிரிட்டனில் அமைந்த சார்பற்ற குழு, 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை இருபது ஆண்டுகளுக்கு அழைத்தால் 43 மார்பகப் புற்றுநோய் இறப்புகள் தவிரும், 129 பேருக்கு மிகை நோயறிதல் நேரும் என்று மதிப்பிட்டது. ஒரு உயிருக்கு மூன்று பேர் தேவையற்ற சிகிச்சையை ஏற்க வேண்டும். இதை ஏற்றுப் பரிசோதனைக்குச் செல்லும் பெண்ணும், வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெண்ணும் அறிவோடுதான் நடக்கிறார்கள். தாயோ சகோதரியோ இளம் வயதில் இந்நோய்க்கு ஆளாகியிருந்தாலும், இந்நோயின் வாய்ப்பைப் பெரிதும் கூட்டும் பிராக்கா மரபணு மாற்றம் இருந்தாலும் கணக்கு மாறிவிடும். அவர்களுக்கான ஆலோசனை தனியானது.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் எனக்கு இந்தத் தயக்கம் எதுவும் இல்லை. இங்கே பரிசோதனை தேடுவது புற்றுநோயை மட்டுமல்ல, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றும் திசு மாற்றத்தை. அதை எளிய சிகிச்சையால் நீக்கிவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனையை வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த குழுவில் அந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு முறையும் 45-க்குள் மீண்டும் ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. இதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. இளம்பெண்களுக்கு அடிக்கடி செய்து, தானே மறையும் மாற்றங்களுக்கெல்லாம் சிகிச்சை அளிப்பது தவறு. ஆனால் முப்பதைக் கடந்த எந்தப் பெண் என்னைக் கேட்டாலும், செய்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன். பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையும் இதே காரணத்தால் மதிப்புடையது: பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சிறு வளர்ச்சிகளைக் குழாய்க் கருவியால் குடலின் உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோபியின்போதே அகற்றிவிட முடிகிறது. நுரையீரலுக்கான குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் நீண்ட காலம் அதிகம் புகைத்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இப்போது ஒரே குப்பி இரத்தத்தில் பல புற்றுநோய்களைத் தேடும் பரிசோதனைகள் விளம்பரமாகின்றன. நோயை முந்தைய கட்டத்தில் பிடிக்கிறோம் என்பதே அவற்றின் முதன்மையான வாக்குறுதி. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாக்குறுதியைச் சினைப்பைப் புற்றுநோயில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆண்டுதோறும் சிஏ-125 என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை செய்த குழுவில் தொடக்க நிலையில் அகப்பட்ட புற்றுநோய்கள் கூடின, நான்காம் கட்டத்தில் தெரியவந்தவை குறைந்தன. ஆனால் 2021-இல் இறுதிக் கணக்கு வந்தபோது, அந்நோயால் இறந்தோர் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. கட்டம் முந்தியது, சாவு பிந்தவில்லை. அந்த ஆய்வில் பங்கேற்ற பெண்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது, ஏனெனில் அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பரிசோதனை உலகெங்கும் வழக்கமாகியிருக்கக்கூடும், அதோடு தேவையற்ற சினைப்பை அறுவைகளும். ஆகவே, பல புற்றுநோய்களைத் தேடும் இரத்தப் பரிசோதனையை யாராவது எனக்குப் பரிந்துரைத்தால், அதைச் செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைந்ததா என்றுதான் கேட்பேன். ஆம் என்று காட்டும் ஆய்வு வரும்வரை அதற்கு இரத்தம் கொடுக்க மாட்டேன்.