மஞ்சள் தேயிலையும் நாஞ்சில் நாட்டுத் தண்ணீரும்

நெல்லை அவித்துக் காயப்போட்டால் பச்சரிசி வாசம் போய் அரிசி மஞ்சளாகி, சோற்றுக்கு வேறொரு சுவை வந்துவிடுகிறது. சீனத்து மஞ்சள் தேயிலையில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். பறித்த இலையைச் சூடான சட்டியில் வாட்டி, அதைக் கறுக்கவைக்கும் நொதியை முதலில் அடக்குகிறார்கள். அதுவரை பச்சைத் தேயிலைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. பிறகு ஈரமும் சூடும் இருக்கும்போதே தாளிலோ துணியிலோ பொதிந்து மூடிவைக்கிறார்கள். சீனர்கள் இதை ‘மென்ஹுவாங்’ என்கிறார்கள். நம்ம மொழியில் ‘புழுக்கம்’ என்றால் சரியாகப் பொருந்தும். அந்தப் புழுக்கத்தில் பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகிறது, கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டக்கின்கள் குறைகின்றன. ஹூனான் மாகாணத்தில் தோங்திங் ஏரித் தீவில் விளையும், விரியாத இலைமொட்டில் செய்யும் ஜுன்ஷான் யின்சென் என்ற மஞ்சள் தேயிலைக்கு இது இரண்டு தடவையாக, மொத்தம் ஏறக்குறைய மூன்று நாள் நடக்கும்.

மஞ்சள் தேயிலையைச் சுவைப்பது என்றால் இந்தப் புழுக்கம் ஒழுங்காக நடந்ததா என்று நாக்கால் தேடுவதுதான். நேரமும் கைப்பக்குவமும் கேட்கிற வேலை என்பதால் பலர் அதைச் சுருக்கிவிடுகிறார்கள். அதனால் மஞ்சள் என்ற பெயரில் பச்சைத் தேயிலையே கைக்கு வருவது சாதாரணம்.

பெயரை நம்பி வாங்கவும் கூடாது. ‘ஹுவாங்’ என்றால் மஞ்சள். ஆனால் ஹுவாங்ஷான் மாவோஃபெங் பச்சைத் தேயிலை. அது மலையின் பெயர். ஹுவாங்ஜின்யா என்பது இலையே இயல்பாக மஞ்சளடிக்கும் செடிவகை, அதுவும் பச்சைத் தேயிலையாகத்தான் பக்குவமாகிறது. ஹுவாங்ஜின்குய், இலையைப் பாதி கறுக்கவிட்டுச் செய்யும் ஊலாங் தேயிலை. சிச்சுவானின் மெங்திங் ஹுவாங்யா, அன்ஹுவியின் ஹுவோஷான் ஹுவாங்யா, செஜியாங்கின் மோகான் ஹுவாங்யா ஆகியவை உண்மையான மஞ்சள் தேயிலைகள். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு மெங்திங் நல்லது. புழுக்கத்தின் இனிப்பு அதில் தெளிவாகப் பிடிபடும்.

இனி தண்ணீர். நம்ம மாவட்டத்தில் பாதி சிக்கல் இங்கேதான். கடலோரக் கிணற்றில் உப்புக் கலந்திருந்தால் இந்தத் தேயிலை செத்துப்போகும். கடுந்தண்ணீரில் மேலே ஆடைபோல ஒன்று படிந்து, நிறம் மங்கி, வாசம் எழும்பாது. நாகர்கோவிலுக்கு வரும் முக்கடல் அணைத் தண்ணீரைக் குழாயில் பிடித்தால் குளோரின் வாடை போக ஒரு ராத்திரி திறந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 50 முதல் 100 வரை இருந்தால் போதும். 20-க்குக் கீழே போனால் சுவை தட்டையாகிவிடும். கொஞ்சம் நல்ல கிணற்றுத் தண்ணீர் கலந்துகொள்ளலாம்.

தேயிலை 3 கிராம், தண்ணீர் 150 மில்லி. கரண்டிக் கணக்கு வேண்டாம். மொட்டுகள் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்று இடத்தை அடைத்துக்கொள்ளும். நகை நிறுக்கும் குட்டி டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். சூடு 85 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால், கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் 120 மில்லியோடு ஆறவைத்த தண்ணீர் 30 மில்லி சேர்த்தால் நம்ம ஊர் வெக்கைக்குக் கணக்கு சரியாக வரும். கண்ணாடி டம்ளரை முதலில் வெந்நீரில் கழுவிச் சூடாக்க மறக்க வேண்டாம். முதல் தடவை 2 நிமிடம், இரண்டாவது 2, மூன்றாவது 4. மொட்டு உடையாமல் முழுசாக இருப்பதால் சாறு மெதுவாகத்தான் இறங்கும். பச்சைத் தேயிலைக்குச் சொல்கிற 70 டிகிரியை இதற்குப் பிடித்தால் வெறும் மஞ்சள் வெந்நீர்தான் மிஞ்சும்.

ஜுன்ஷான் மொட்டுகள் டம்ளரில் செங்குத்தாக நின்று மேலும் கீழும் போய்வரும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அது அசலுக்குச் சாட்சி இல்லை. வேறு மொட்டுத் தேயிலைகளும் அப்படி நிற்கும்.

மூக்குக்கு வரவேண்டியது அவித்த சக்கக்கொட்டை, அவித்த சோளம் போன்ற மாவுத்தன்மையுள்ள இனிய வாசம். கையில் கசக்கிய புல்லின் வாசம் வந்தால் புழுக்கம் போதவில்லை. புளித்த, ஈரச்சாக்கு வாடை வந்தால் அளவு மீறிவிட்டது, அல்லது பொதியைப் பிரித்துக் காற்றாட விடவில்லை. தீய்ந்த வாசம் கடைசி உலர்த்தலின் பிழை. பெரிய இலையில் செய்யும் ஹுவோஷான் ஹுவாங்தாச்சா மட்டும் விதிவிலக்கு: அதை வேண்டுமென்றே கடுந்தீயில் வறுப்பார்கள், சட்டியில் அடிப்பிடித்த சோற்றுக் காந்தல் மணக்கும். எனக்கு அது மொட்டுத் தேயிலைகளுக்கு ஒரு படியும் குறைந்ததில்லை.

வாயில் காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள். நாக்கின் ஓரம் இறுகக் கூடாது. விழுங்கியபின், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல் தொண்டையில் ஓர் இனிப்பு ஏறும். கட்டன் சாயாவின் கடுப்பை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கருப்பட்டி சேர்த்தால் அந்த இனிப்பு தெரியாமலே போய்விடும். மீன்குழம்புச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? அதே 3 கிராமில் 150 மில்லி கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடிவையுங்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் செய்வது இதுதான். குறை எல்லாம் வெளியே வந்துவிடும். வடித்தபின் இலையை விரித்துப் பாருங்கள்: அசல் இளமஞ்சளாக மிருதுவாக இருக்கும், பச்சைத் தேயிலையில் பச்சை மாறியிருக்காது. நாள்பட்டு மஞ்சளான பச்சைத் தேயிலை சாற்றில் பழுப்படிக்கும், பழைய வாடை வீசும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது, ஈரம் நுழைந்தால் தேயிலை கெட்டது. 25 அல்லது 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். அலுமினியத் தாள் பையில் காற்றை வெளியேற்றி இறுக்க ஒட்டி, மாறாமலைக் கிராம்பும் கருவாடும் இருக்கிற அலமாரிக்கு எட்டத்தில் வையுங்கள். இது எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், வெளியே எடுத்த பை அறைச்சூட்டுக்கு வரும்வரை பிரிக்கவே கூடாது. குளிர்ந்த இலைமேல் நம்ம காற்றின் ஈரம் உடனே முத்து முத்தாகப் படிந்துவிடும்.