மாநிறத் தோலுக்கு ஐபிஎல்: டெஸ்ட் பேட்ச் இல்லாமல் முகத்தைக் கொடுக்காதீர்கள்

கன்னத்து வெயில் புள்ளிகளுக்கு எடுத்த ஐபிஎல் (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) ஒளிச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனாலும் முதலில் போன கிளினிக்கை நினைத்தால் ஆத்திரம் அடங்கவில்லை. தோலைப் பார்க்கும் முன்பே மொத்த பேக்கேஜுக்கும் பணம் கட்டச் சொன்னார்கள். எந்த ஃபில்டர் (குறைந்த அலைநீள ஒளியைத் தடுப்பது), எத்தனை ஜூல் (ஒளியின் ஆற்றல் அளவு) என்று கேட்டதற்கு, "அதெல்லாம் மெஷினே பார்த்துக்கும் மேடம்" என்று பதில். முதலில் சிறு இடத்தில் மட்டும் போட்டுப் பார்க்கும் டெஸ்ட் பேட்ச் பற்றிப் பேச்சே இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஐபிஎல் லேசர் அல்ல. ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்கள் கலந்த ஒளி. புள்ளியில் உள்ள மெலனின் என்ற நிறமி அதை உறிஞ்சிச் சூடாகிறது. தோல் நிறத்தை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் நம்மில் பெரும்பாலோருக்கு 4, 5 வகைத் தோல். புள்ளியைச் சுற்றிலும் மெலனின்தான். வெளுத்த தோலுக்கான 515, 560 நானோமீட்டர் ஃபில்டரை இங்கே போட்டால், தோலில் வைக்கும் ஹேண்ட்பீஸ் முனையின் செவ்வகம் அப்படியே கன்னத்தில் பதியும். முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு, மறைய மாதக்கணக்காகும். நமக்கு 640 போல உயர்ந்த ஃபில்டர், குறைந்த ஜூல், நீண்ட பல்ஸ் (ஒளி நீடிக்கும் நேரம்) வேண்டும். நல்ல கறுப்பு நிறம் என்றால் ஐபிஎல்லைத் தவிர்த்து 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைப் பற்றிக் கேளுங்கள்.

மங்கு இருப்பவர்கள் இன்னும் உஷார். இந்தச் சூட்டிலேயே மங்கு கூடிவிடும். அடுத்து பார்த்த டெர்மடாலஜிஸ்ட் வுட்ஸ் லாம்ப் என்ற புற ஊதா விளக்கை வைத்து மங்கு இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் பேச்சையே தொடங்கினார். டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாட்டிக், பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை, ரெடினால் க்ரீம், உதட்டுக் கொப்புளம் வந்த வரலாறு எல்லாம் விசாரித்தார். தாடையோரம் டெஸ்ட் பேட்ச் போட்டு, சில வாரம் பொறுத்துப் பார்த்தே முழு முகம். கருமை தாமதமாகத்தான் தலைகாட்டும் என்பதால் அன்றே பார்த்துவிட்டு "ஓகே" சொல்பவரை நம்பாதீர்கள்.

சிட்டிங்கில் பெரிதாக ஒன்றுமில்லை. ஜெல், கண்ணுக்கு மறைப்பு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு சுருக். ஷாட் முடிந்தும் எரிச்சல் நீடித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்; சங்கோஜம் வேண்டாம். ஆண்கள் கவனிக்க: தாடிப் பகுதியில் பட்டால் முடி திட்டுத்திட்டாகக் கொட்டலாம்.

மறுநாள் புள்ளிகள் காபித்தூள் தூவினாற்போல் கறுக்கும். பயம் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் தானே உதிரும். சன்ஸ்கிரீன் அயர்ன் ஆக்சைடு கலந்த டின்டட் (நிறமேற்றிய) வகையாக இருக்கட்டும்; கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கறுக்க வைக்கும்.

ஒவ்வொரு சிட்டிங்கிலும் போட்ட ஃபில்டர், ஜூல், பல்ஸ் அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் டாக்டர் மாறினால் அந்தச் சீட்டு இல்லாமல் டெஸ்ட் பேட்சிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.