தோழர் கையெழுத்துப் போட முடியாத பத்திரம்

ஒரு மேடை நாடகத்திலிருந்து நாங்கள் எடுத்த படத்துக்குப் போன வாரம் தணிக்கைச் சான்றிதழ் கிடைத்தது. தன்பாலீர்ப்புள்ள இரண்டு நண்பர்கள், அதில் ஒருவருக்கு எச்.ஐ.வி என்று கதை போவதால், தணிக்கையில்தான் மாட்டியிருப்போம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கே ஒரு சிரமமும் இல்லை. இரண்டு வசைச்சொற்களை மௌனமாக்கினோம், யு/ஏ 16+ வந்துவிட்டது. எங்களை ஒரு வருடம் அலைய வைத்தது மூலக்கதை உரிமைப் பத்திரம். நாடகத்தைப் படமாக்க நினைக்கிற ஒருவராவது இதைப் படித்துவிட்டு, முதல் வேலையாக அந்தப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாடகத்தை எழுதியவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தன்பாலுறவு குற்றமில்லை என்று 377-வது பிரிவு வழக்கில் 2018 செப்டம்பரில் தீர்ப்பு வந்ததற்கு அடுத்த வருடம், எழும்பூரில் ஒரு சின்ன அரங்கில் மேடையேற்றினோம். கதை 1997-ல் நடக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி தொற்று கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல். அதைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில்தான். நடுவில் இருந்த அந்தப் பதினெட்டு வருடத்தில் எத்தனை பேர் போனார்கள், அவர்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் நாடகம். இருவரும் காதலர்கள் இல்லை. நண்பர்கள். வார்டில் 'நோயாளிக்கு நீ என்ன உறவு?' என்று கேட்பார்கள். 'ஃபிரெண்ட்' என்பான். 'சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லு' என்பார்கள். நாடகம் முழுக்க இந்தக் கேள்வி நான்கு முறை வரும்.

படமாக்கட்டுமா என்று அண்ணனிடம் கேட்டபோது, "எடுத்துக்கடா, யார் கேட்கப் போறா" என்றார். அதை ஒரு தாளில் எழுதி வாங்கவில்லை. 2022 ஜனவரியில் கல்லீரல் நோயில் காலமாகிவிட்டார். உயிலும் எழுதவில்லை.

2023 செப்டம்பரில் பணம் போட வந்த ஒருவர், "மூலக்கதை உரிமை யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார். மேடையேற்ற அண்ணன் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். வக்கீல் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மேடையேற்றும் உரிமை வேறு, திரைப்பட உரிமை வேறு. வாய்வார்த்தை செல்லாது, 1957 காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம் காப்புரிமை உண்டு. அது வாரிசுக்குப் போகும்.

வாரிசு யார்? அண்ணனோடு பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவரை நாங்கள் தோழர் என்போம். நாடகம் எழுதிய நோட்டுகள் அவருடைய பீரோவில் இருக்கின்றன. கடைசி நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவரும் அவர்தான். அவருக்கு இந்த நாடகத்தின் ஒரு வரி மீதுகூட உரிமை இல்லை. அந்த அக்டோபர் 17-ம் தேதி தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தபோது நான் தோழர் வீட்டில்தான் இருந்தேன். டிவியை அணைத்துவிட்டு, "சரி, அம்மாவைப் போய்ப் பாருங்க" என்றார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மணமாகாத மகன் உயிலில்லாமல் இறந்தால் தாய்தான் முதல் வகுப்பு வாரிசு. அப்பா உயிரோடு இருந்தாலும் அம்மாவுக்குப் பிறகுதான்.

வாரிசுச் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தோம். அண்ணனுடைய ஆதாரில் சென்னை முகவரி, குடும்பம் இருப்பது மயிலாடுதுறைப் பக்கம். சென்னையில் கேட்டால் ஊருக்குப் போங்கள் என்றார்கள், ஊரில் கேட்டால் சென்னைக்குப் போங்கள் என்றார்கள். இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்றாவது முறை நேரில் போனபோது தோழரும் கூட வந்தார். எழுத்தர் அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்க இறந்தவருக்கு என்ன உறவு?" என்றார். "கூட இருந்தவன்." "வாடகைக்கா?" தோழர் பதில் சொல்லவில்லை. மேடையில் நூறு முறை நாங்கள் ஒத்திகை பார்த்த கேள்வி அது. அன்றைக்கு நான் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு பதறுகிறது.

சான்றிதழ் வந்த பிறகு அம்மாவைப் பார்க்கப் போனோம். முதல் பயணம் வீண். அண்ணனுடைய தம்பி வாசலிலேயே நிறுத்தி, "அந்தக் கதையை ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். இரண்டாவது முறை அம்மாவே கதவைத் திறந்தார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டு, "தமிழ்ல எழுதிக்கிட்டு வாப்பா. படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல. அவன் எழுதினதையும் கொண்டு வா" என்றார். தப்பு எங்களுடையது. எண்பது வயது அம்மாவிடம் புரியாத காகிதத்தை நீட்டியிருக்கக் கூடாது.

தமிழில் எழுதியதில் ஒரு நன்மை: வக்கீல் கவனிக்காமல் விட்டது எங்கள் கண்ணில் பட்டது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை 5 வருடம்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டு விழா எதற்கும் படத்தை அனுப்ப முடியாது. வேறு விதமாக எழுதாத பட்சத்தில், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். முதல் வரைவில் இந்த மூன்றுமே இல்லை. சேர்த்தோம். உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது பயணத்தில் பத்திரத்தையும் நோட்டின் நகலையும் கொடுத்துவிட்டு வந்தோம். நான்காம் நாள் போன் வந்தது. போனபோது நகலில் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார். நோயாளிக்கு நண்பன் மிளகு ரசம் ஊட்டுகிற காட்சி.

"இது தப்பு. அந்தப் பையன் இங்க வந்து ஒரு மாசம் இருந்தான். வாயெல்லாம் புண்ணு, காரம் பட்டா துடிச்சிடுவான். நான் மோர் சாதம்தான் குழையப் பிசைஞ்சு குடுத்தேன்."

நாடகத்தில் வருகிற நண்பர் நிஜமானவர் என்று எங்களுக்குத் தெரியும். அம்மா அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது தெரியாது. அண்ணன் சொன்னதே இல்லை. அம்மா திருத்தமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். தம்பி சாட்சிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆசிரியர் போட்டார்.

தோழரிடம் சொன்னேன். "அவன் முதல்ல மோர் சாதம்னுதான் எழுதினான். விளக்கு வெளிச்சத்துல ரசத்தோட ஆவி தெரியும்னு நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றார். மேடைக்கு அது சரி. பின்வரிசைக்கும் ஆவி தெரியும். கேமராவுக்கு அது வேண்டாம். திரைக்கதை எங்கே தடுமாறுகிறது என்று எனக்கு அந்தப் பேச்சில்தான் பிடிபட்டது. மேடையில் நோய் முழுக்கப் பேச்சில் இருந்தது: எடை குறைந்தது, வாய் எரிவது, பயம், எல்லாமே வசனம். திரையில் முகம் அவ்வளவு கிட்டே இருக்கும்போது அதையே வாயாலும் சொன்னால் பொய்யாகிவிடுகிறது. பன்னிரண்டு நிமிடத் தனிமொழியை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிண்ணம், ஒரு கை என்று மட்டும் வைத்தேன்.

இன்னும் இரண்டு விஷயம். மேடையில் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடினோம். படத்தில் வைக்க அந்த இசை நிறுவனம் கேட்ட தொகை எங்கள் மொத்தச் செலவில் நாலில் ஒரு பங்கு. மூன்று மாதம் பேரம் பேசி வீணானது. கடைசியில் நடிகர் தன் பாட்டியிடம் கேட்ட தாலாட்டைப் பாடினார். இதை முதல் நாளே யோசித்திருக்கலாம். அடுத்தது, எச்.ஐ.வியோடு வாழ்கிற ஒருவரிடம் திரைக்கதையைக் கட்டாயம் படிக்கக் கொடுங்கள். எங்களுக்குப் படித்துத் தந்தவர் 'பலியானவர்' என்ற சொல்லை வந்த இடத்திலெல்லாம் அடித்தார். மருந்து வாங்க நிலம் விற்ற காட்சி எங்கே என்று கேட்டார். அது இல்லை. எழுதிச் சேர்த்தோம்.

மோர் சாதக் காட்சியை ஆறு முறை எடுத்தும் நடிகருக்குப் பிசையும் பக்குவம் வரவில்லை. அம்மாவிடம் கேட்டோம். அவர் வீட்டு அடுப்படியிலேயே எடுத்தோம். வளையலைக் கழற்றட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். படத்தில் முப்பத்தெட்டு நொடி வருகிற அந்தக் கை அவருடையது. படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் அம்மா பெயருக்கு அடுத்து தோழர் பெயர் இருக்கிறது. அதற்கு யாருடைய சான்றிதழும் கேட்கவில்லை.