300 எம்பிபிஎஸ் நெட் பிளானில் 94 மட்டும் வருகிறதா?

ஸ்பீடு டெஸ்ட் எத்தனை முறை ஓட்டினாலும் 94, 95 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை என்றால், கஸ்டமர் கேருக்கு போன் போடும் முன் ரௌட்டருக்கும் கணினிக்கும் நடுவே கிடக்கும் கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் (கேபிள்) இணைப்பில் தலைப்புச் சுமை, அதாவது ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் தகவல், போக மிஞ்சுவது அவ்வளவுதான். கிகாபிட்டில், அதாவது 1000 எம்பிபிஎஸ் இணைப்பில், அதே கணக்குக்கு 940 வரும்.

கிகாபிட்டுக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு நான்கு போதும்: 1, 2, 3, 6. மீதி நான்கில் ஒன்று, கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது (கிரிம்ப்), சரியாகக் கடிபடாவிட்டாலும், பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் ஓடும், லைட்டும் எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புக்குள் லிங்க் ஸ்பீடு 100/100 என்று காட்டினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேட் 5இ (Cat 5e) என்ற வகைக் கேபிள் போதும். மாற்றியும் 100 என்றால் ரௌட்டரின் போர்ட்டே 100 தானா என்று பாருங்கள். மலிவு ரௌட்டர்களில் இது சகஜம்.

வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பும்போது உங்கள் பிளானுக்கு வேலையே இல்லை. நெட் அறுந்து கிடந்தாலும் ஃபைல் போகும். இங்கே அளவும் வேறு: பிளான் பேசுவது மெகாபிட், காப்பி விண்டோ காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். சுமை போக காப்பி 11-இல் நின்றால் பழைய குற்றவாளி அதே 100 இணைப்புதான். 110 வந்தால் கிகாபிட் நிரம்பிவிட்டது. 30, 40-இல் தத்தளித்தால் யுஎஸ்பி 2.0-இல் செருகிய டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

டிஸ்க்கா நெட்வொர்க்கா என்று பிரித்தறிய, இரண்டு கணினிகளுக்கு நடுவே வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 (iperf3) என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு கணினியில் சர்வராக, மற்றதில் கிளையண்டாக ஓட்டுங்கள். பிறகு திசையைத் திருப்பி இன்னொரு முறை. இது டிஸ்க்கைத் தொடாது. இதில் 940 வந்து காப்பி மட்டும் மந்தமாக இருந்தால், கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

வைஃபை தனிக் கதை. லேப்டாப் 866 எம்பிபிஎஸ் என்று காட்டுவது ரேடியோ பேசும் வேகம். பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் கைக்குக் கிடைப்பது 500, 600. இரண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது, அதனால் அதிலும் பாதிதான். பெரிய ஃபைல் என்றால் ஒன்றையாவது கேபிளில் செருகுங்கள். பிளானை உயர்த்தினால் இந்தக் காப்பி ஒரு நொடிகூட முன்னால் முடியாது.