கூரைத் தையலைப் பிரித்த நாள்

22 வருடமாகப் பழைய கார்களுக்குக் குஷன் வேலை செய்கிறேன். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் பட்டறை. இருக்கை, கதவு உள்பக்கம், தரைவிரிப்பு என்று எல்லாம் தைப்பேன். ஆனாலும் என் கை ஆசையோடு போவது திறந்து மூடும் துணிக்கூரைக்குத்தான். அதனால் சென்ற அக்டோபரில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "மெர்சிடிஸ் 300 எஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1953 மாடல், கேப்ரியோலே ஏ. வாங்கலாமா என்று நீங்களும் பெரியவரும் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டபோது, ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பெரியவர் என்பது எங்கள் பட்டறை முதலாளி. இன்ஜின் அவர் பாடு.

இந்தக் கார் ஏன் அப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மெர்சிடிஸின் சிண்டெல்ஃபிங்கன் தொழிற்சாலை இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் நொறுங்கிப் போயிருந்தது. போர் முடிந்த ஆறாவது வருடம், 1951 அக்டோபரில், பாரிஸ் கண்காட்சியில் 300 எஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விலை 34,500 மார்க். மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடினாவர் போய்வந்த 300 செடானே 19,900 மார்க்தான். சாதாரண ஜெர்மன் குடும்பம் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஆறேழு பீட்டில் விலைக்கு ஒரே கார், அதிலும் வசதியாக உட்கார இரண்டு பேருக்குத்தான் இடம். 1952 முதல் 1955 வரை மொத்தம் 560 வண்டிகள் செய்தார்கள். அதில் கூரை நிலையாக உள்ள கூபே 216, துணிக்கூரை போட்ட கேப்ரியோலே ஏ 203, ரோட்ஸ்டர் 141. ஏறக்குறைய எல்லாமே கைவேலை.

ரோட்ஸ்டருக்கும் கேப்ரியோலே ஏ-வுக்கும் என்ன வித்தியாசம் என்று நிறையப் பேர் கேட்பார்கள். எல்லா வித்தியாசமும் கூரையில்தான். ரோட்ஸ்டரின் கூரை மெல்லியது. மடித்தால் வண்டி உடம்புக்குள் போய் மறைந்துவிடும், பின்பக்கம் வழவழவென்று ஒரே கோடாக ஓடும். கேப்ரியோலே ஏ-வின் கூரை தடிமனானது. மரவில் (கூரையைத் தாங்கும் வளைந்த மரச்சட்டம்), பட்டை, குதிரை முடி மெத்தை, உள்துணி, வெளித்துணி என்று அடுக்கடுக்காக இருக்கும். பக்கவாட்டில் வளைந்த குரோம் கம்பி இருக்கிறதே, ஜெர்மனில் அதை 'ஷ்டுர்ம்ஷ்டாங்கே' என்பார்கள், புயல் கம்பி. கூரையைத் திறந்து மடித்தால் தொட்டில்வண்டிக் கூரை போல முதுகுக்குப் பின்னால் குவிந்து நிற்கும். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியில் பாதிதான் தெரியும். எண்ணிக்கையில் குறைவு, பார்க்கவும் அழகு என்று சேகரிப்பவர்கள் ரோட்ஸ்டரைத் தேடிப் போகிறார்கள். நான் கேப்ரியோலே பக்கம். அதை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். மழை பெய்வது தெரியும், ஆனால் எங்கோ தூரத்தில் பெய்வது போலிருக்கும். அந்த அமைதியைச் செய்வது குதிரை முடி.

சரி, போன கதைக்கு வருகிறேன்.

வண்டி ஒரு பழைய வீட்டின் பக்கவாட்டு ஷெட்டில் நின்றது. கருநீலம். விற்பவர் எண்பதைத் தாண்டிய அம்மா, கணவர் வாங்கிய வண்டி என்றார். ஷெட் உலர்ந்திருந்தது, கூரை மூடியிருந்தது. இரண்டையும் பார்த்ததுமே எனக்குப் பாதி நிம்மதி. திறந்தபடியே பல வருடம் விட்டால் துணி சுருங்கிவிடும், பிறகு முன்கண்ணாடிக்கு மேலே உள்ள முன்சட்டம் வரைக்கும் இழுத்துப் பூட்டவே முடியாது. ஈரத்தோடு மடித்தால் அதைவிட மோசம். பூஞ்சை பிடிக்கும், ஆணி துருப்பிடிக்கும், அந்தத் துரு மரத்தைத் தின்னும்.

பெரியவர் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்துவிட்டார். ஆறு சிலிண்டர், 2996 சிசி, மூன்று சோலெக்ஸ் கார்புரேட்டர், 150 குதிரைத்திறன். தொழிற்சாலை கொடுத்த விவர அட்டையின் நகல் கையில் இருந்தது. சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் ஒத்துப்போயின. அது பெரிய விஷயம்தான், ஆனால் அது அவர் எழுத வேண்டிய கதை.

நான் கூரையைத் தடவினேன். மனசு சங்கடப்பட்டது. கைக்கு அழுந்திய விதமே சரியில்லை. குதிரை முடி மெத்தையை அழுத்தினால் மெல்ல எதிர்க்கும், கையை எடுத்ததும் எழும்பிவிடும். இது அழுந்திய இடத்திலேயே நின்றது. ஃபோம், அதுவும் பொடிந்துபோன ஃபோம். பின்கண்ணாடியின் கீழ் விளிம்பை லேசாகத் தூக்கிப் பார்த்தால், ஆணி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டேப்ளர் பின். யாரோ எப்போதோ அவசரமாகச் செய்த வேலை. வாடிக்கையாளர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படியென்றால் கூரை அசல் இல்லையா?" என்றார்.

வெளித்துணி அசல் இல்லை என்பது நிச்சயம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. உள்துணித் தையலைப் பார்த்தேன். முன்சட்டத்தின் ஓரத்தில் தையல் கொஞ்சம் கோணலாக, வளைந்த ஊசியால் கையில் போட்டது. மெஷின் இப்படிப் போடாது, அவசரக்காரனும் போடமாட்டான்.

அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஒரு சாண் நீளத்துக்குத் தையலைப் பிரித்துப் பார்க்கட்டுமா? போவதற்குள் நானே தைத்துக் கொடுத்துவிடுகிறேன்." விற்க வந்த வண்டியில் பிளேடு வைக்கக் கேட்பது சின்ன விஷயமில்லை. அவர் என் கையைத்தான் பார்த்தார். விரல் நுனியெல்லாம் ஊசிக் காய்ப்பு. "செய்யுங்கள்" என்றார்.

ஒவ்வொரு தையலாக அறுத்து, பழைய நூல் துண்டுகளை சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். உள்துணியை மடக்கி டார்ச் அடித்தேன். மரம் தெரிந்தது. தேன் நிறத்தில், ஒரு புழுத்துளைகூட இல்லாமல். இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைச் சாய்த்தபோது பென்சில் எழுத்து. நான்கு இலக்க எண். அதில் 7-க்கு நடுவே ஒரு கோடு. விவர அட்டையைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டோம். வண்டி உடம்பு (பாடி) எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் அதுவேதான்.

யாரோ ஒரு தச்சர் இந்த மரம் இந்த வண்டிக்கு என்று குறித்து வைத்திருக்கிறார். துணி போட்டு மூடியதும் யாருமே பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், 7-க்கு ஒழுங்காகக் குறுக்குக்கோடு போட்டிருக்கிறார். நான் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்குங்கள்" என்றேன். வெளித்துணியும் மெத்தையும் மாற்றக்கூடியவை. குதிரை முடி இன்றும் கிடைக்கிறது, நல்ல துணி நெய்கிறார்கள். அந்த வண்டியோடு பிறந்த மரவில்லைத்தான் எந்தக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. புதிதாக இழைத்துப் போடலாம், ஆனால் கதவுக் கண்ணாடி மேலே வந்து சேரும் அந்த வளைவு ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் காற்று விசிலடிக்கும். விற்பனைக்கு வருகிற வண்டிகளைப் பற்றி எழுதும்போது '203-இல் ஒன்று' என்று பெரிதாகப் போடுகிறார்கள். பெயின்டையும் குரோமையும் பத்துப் படம் போடுகிறார்கள். கூரையின் உள்பக்கத்தை ஒருவரும் படமெடுப்பதில்லை. வாங்க நினைப்பவர்கள் அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கூரை பாதி தூக்கிய நிலையில், பட்டைகளும் மரமும் தெரிகிற மாதிரி.

இதற்கு அடுத்து வந்த 300 எஸ்சி பற்றியும் வாடிக்கையாளர் திரும்பும் வழியில் கேட்டார். அதில் கார்புரேட்டர் இல்லை, நேரடி எரிபொருள் ஊசி, 175 குதிரைத்திறன். எல்லா வகையும் சேர்த்து 200 வண்டிதான், கேப்ரியோலே ஏ வெறும் 49. அதற்குக் காத்திருக்கலாமா என்றார். பெரியவர் காரை ஓட்டிக்கொண்டே, "நீங்கள் பார்த்தது நல்ல வண்டி" என்று மட்டும் சொன்னார். அப்புறம் யாரும் அதைப் பேசவில்லை. கொடுத்த விலையை எழுத வேண்டாம் என்று வாங்கியவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

இப்போது வண்டி எங்கள் பட்டறையில். ஃபோமை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டேன். முதல் வேலை பட்டைகள். மரவில்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதை அவைதான் பிடித்து வைக்கின்றன. அங்கே தப்பினால் மேலே எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் துணி அலை அடிக்கும். முன்சட்டத்தின் நடுவிலிருந்து நூல் கட்டி மூன்று நாளாக அளந்துகொண்டிருக்கிறேன்.

உள்துணி விஷயத்தில்தான் இழுபறி. பழுப்பேறியிருக்கிறது, ஓரிடத்தில் நீர்க்கறை. வாங்கியவர் புதிதாகப் போடச் சொல்கிறார், வெளியே புதுத்துணி போட்டுவிட்டு உள்ளே பழசு எதற்கு என்கிறார். தூசியை மட்டும் உறிஞ்சி எடுத்து, அதே துளைகளில் ஊசி விட்டு அப்படியே திரும்பத் தைக்க எனக்கு அனுமதி வேண்டும். நேற்றும் பேசினோம். வியாழக்கிழமை நேரில் வருகிறார். அதுவரை உள்துணியைச் சுருட்டாமல், பெரிய மேசையில் விரித்து மேலே வெள்ளைத்துணி போர்த்தி வைத்திருக்கிறேன்.